கல் நந்தியும் கொக்கட்டி மரமும்

(மன்றத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீசர் ஆலயத்தின் அமைப்பையும் ஐதீகங்களையும் பற்றிப் பேசுமாறு மன்றத்தார் என்னைப் பணித்திருக்கின்றனர். ஆலய அமைப்பு என்றதும் வானளாவும் கோபுரத்தையும் ஆயிரங்கால் மண்டபத்தையும் எதிர்பார்த்து வந்தோர் இச்சபையில் இருக்கலாம். அவர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். தஞ்சையிலே இராசராச சோழன் எடுப்பித்து 1010 ஆம் ஆண்டில் நிறைவேறிய விமானம் ஏறத்தாழ 216 அடி உயரத்துக்குக் கருங்கல்லாய் எழுந்து நிற்கின்றது. அத்தகைய கற்பணி நமது படுவான்கரையில் இல்லை. இருந்தும் மட்டக்களப்பு நாட்டு மக்கள் கொக்கட்டிச்சோலையைத் தம் தலைக்கோயில்களுள் ஒன்றாகப் போற்றுகின்றார்களே, அது ஏன் என்பதே இன்று நாம் ஆராயவேண்டிய கேள்வி.

இக்கேள்விக்கு விடை தேடுமுன் நம் வாவியை ஒருமுறை நினைத்துக்கொள்வோம். சுமார் 35 மைல் நீளத்துக்கு வடக்குத் தெற்காகக் கிடக்கும் இந்த நீர் நம் நாட்டை இரண்டாகப் பிரித்துவிட்டது. கடற்பக்கம் எழுவான்கரை, வயலும் காடும் உள்ள மேற்குப் பக்கம் படுவான்கரை. சூரியன் எழுவதையும் படுவதையும் கொண்டு தம் ஊருக்குப் பெயரிட்டவர்கள் நம் முன்னோர். ஆரையம்பதி, தாளங்குடாப் பக்கத்திலிருந்து கொக்கட்டிச்சோலைக்குப் போகவேண்டுமானால் மண்முனைத் துறையிலே பாதைக்குக் காத்து நின்று, மாடும் மூட்டையும் சைக்கிளும் மனிதருமாய் நெருங்கி நின்று அக்கரை சேர்ந்த காலம் இங்குள்ள பெரியவர்களுக்கு நன்கு தெரியும். 2014 ஆம் ஆண்டில் மண்முனைப் பாலம் திறக்கப்பட்ட பின் சில நிமிடங்களில் வாவியைக் கடந்துவிடுகிறோம். வசதிதான், அதைக் குறை சொல்வார் எவருமில்லை. ஆனால் அந்நீர் அவ்வாலயத்தை எத்தனை காலம் காத்தது என்பதைப் பாலத்தின்மேல் விரைந்து செல்லும் இளைஞர் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். போர்த்துக்கேயர் 1622 இல் திருக்கோணேச்சரத்தை இடித்து, அதன் கற்களைக் கொண்டு திருக்கோணமலையிற் கோட்டை கட்டினர். 1628 இல் மட்டக்களப்பிலும் கோட்டை எழுந்தது. பத்தாண்டு கழித்து, 1638 இல், அதை ஒல்லாந்தர் பிடித்தனர். கோட்டையோ புளியந்தீவில், ஆலயமோ வாவிக்கு அப்பால், காட்டோரத்தில். இந்தத் தூரத்தையும் ஆலய வரலாற்றில் ஓர் அங்கமாகவே நான் கருதுகிறேன்.

ஆகமங்கள் ஆலயத்தை இறைவனது திருமேனியாகக் கொள்ளும். கருவறை சிரசு, அர்த்தமண்டபம் கழுத்து, மகாமண்டபம் மார்பு, கோபுரம் திருவடி. கோபுரத்தைக் கண்டதும் கைகுவிப்பது பாத தரிசனம் ஆவது இதனாலேதான். கருவறையை நோக்கி நந்தியும், பலிபீடமும், கொடித்தம்பமும் நேர்கோட்டில் அமைவதும், அவற்றைச் சுற்றிப் பிரகாரம் வளைவதும் நீங்கள் அறிந்தவையே. ஆயினும் இவ்வொழுங்கெல்லாம் ஒரே நாளிற் சிற்பியின் கோலுக்கு அடங்கி வந்ததென்று நினைக்கலாகாது. நம் நாட்டிலே மரத்தடிக் கோயில்கள் வளர்ந்த முறையைப் பாருங்கள். முதலில் மரநிழல், பின்பு ஓலைப்பந்தல், பிறகு மண்சுவர், அதன் பின் செங்கல்லும் சுண்ணாம்பும், நம் காலத்தில் சீமெந்து. ஒவ்வொரு தலைமுறையும் தனக்கு முன்னிருந்ததை நீக்கிவிட்டே தனது பணியைச் செய்தது. ஆகவே இத்தகைய தலங்களிற் சுவரைப் பார்த்து வயது சொல்லப் புகுவது வீண்முயற்சி. நிலைத்து நிற்பவை வேறு. அவையாவன, மூலமூர்த்தி இருக்கும் இடம், அதன் முன் நந்தி கிடக்கும் இடம், சுவாமி எழுந்தருளும் வீதி, யார் எந்த வேலையைச் செய்வது என்ற முறைமை. இவற்றைத்தான் நான் ஆலயத்தின் அமைப்பு என்று சொல்வேன்.

இதற்கு மாறான காட்சி ஒன்றையும் சொல்லவேண்டும். நமக்கு மேற்கே பொலன்னறுவையிலே, 11 ஆம் நூற்றாண்டிற் சோழர் எடுப்பித்த வானவன்மாதேவி ஈச்சரம் இருக்கின்றது. இரண்டாம் சிவாலயம் என்று பலகையிற் குறிப்பார்கள். சுவர், விமானம் யாவும் கல்லாலாகி இன்றும் நிற்கும் அழகிய சிறுகோயில். சிற்பக்கலை பயில்வோர் கட்டாயம் போய்ப் பார்க்கவேண்டும். ஆனால் அது தொல்லியல் திணைக்களத்தார் காக்கும் ஒரு சின்னம். அங்கே கொடியேற்றமில்லை, தேரோட்டமில்லை, திருவிழாவுக்கு முறைகாரர் இல்லை. கட்டிய அரசு போனபின் அதற்கென்று குடிகள் இல்லாமற் போயின. கொக்கட்டிச்சோலையிலோ கட்டடம் பலமுறை மாறியும் முறைகாரர் மாறவில்லை.

இனி ஐதீகங்களுக்கு வருவோம். இத்தலத்துக்கு மூன்று கதைகள் உண்டு. மூன்றையும் நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

முதலாவது, கொக்கட்டி மரங்கள் அடர்ந்த காட்டிலே தேன் எடுக்கப் போன வேடனின் கதை. அவன் ஒரு கொக்கட்டி மரத்தைக் கோடரியால் வெட்டினான். வெட்டுவாயிலிருந்து இரத்தம் பெருகிற்று. நடுங்கிப்போன வேடன் தன் துணியைக் களைந்து, காயம்பட்டவனுக்குக் கட்டுப் போடுவதுபோல அவ்விடத்தைச் சுற்றிக் கட்டினான். பின்னர் அங்கே இலிங்கத் திருவுரு இருப்பது கண்டு வழிபட்டனர் என்பது கதை. எவரும் நாட்டாமல் தானே தோன்றியமையால் தான்தோன்றீசர் என்று திருநாமம்.

இரத்தம் பெருகிய இலிங்கத்தின் கதை நமக்கு மாத்திரம் உரியதன்று. வன்னியிலே ஒட்டுசுட்டானிலும் தான்தோன்றீசர் ஆலயம் உண்டு. குரக்கன் அறுத்த ஒட்டைச் சுட்டு நிலத்தைக் கொத்திய கமக்காரனின் மண்வெட்டி பட்டு இரத்தம் வந்ததென்பர். ஊர்ப்பெயரும் அதனால் வந்ததே. தொண்டை நாட்டுத் திருமுல்லைவாயிலிலோ, முல்லைக்கொடியை வாளால் வெட்டிய தொண்டைமானுக்கு இவ்வண்ணமே நிகழ்ந்தது என்று தலபுராணம் கூறும். அங்கே அரசனின் வாள், வன்னியிற் கமக்காரனின் மண்வெட்டி, நம்மிடத்தில் வேடனின் கோடரி. 'எல்லாம் ஒரே கட்டுக்கதை' என்று நம் கல்லூரி மாணவர் சிலர் சிரிப்பதை நான் அறிவேன். சிரிப்பதற்கு முன் அவர்கள் கவனிக்கவேண்டியது கதைகள் வேறுபடும் இடத்தை. ஒவ்வொரு நாட்டாரும் தம் இறைவனை முதற்கண்டவன் யாரென்று சொல்லும்போது, அந்நிலத்தில் முதலில் உழைத்தவனையே காட்டுகின்றனர். படுவான்கரையில் முதலில் இருந்தவன் தேன் எடுத்த வேடன். வயலும் போடிமாரும் பிறகு வந்தவை. அதைக் கதை மறைக்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லாமற் போக என் மனம் ஒப்பவில்லை. பெரியோர் பொறுத்தருள்க. காளத்தியிலே கண்ணப்பர், கொக்கட்டிச்சோலையிலே பெயரறியா வேடன். மந்திரமும் கிரியையும் அறியாத இவர்களுக்கே முதற் காட்சி கிடைத்தது என்று ஆண்டுதோறும் மேடையேறிப் பேசுகிறோம். பேசிவிட்டு, நம் ஊர்க் கோயில்களில் இன்னார் இந்த எல்லைக்குள் நிற்கலாம், இன்னார் நிற்கலாகாது என்று கோடு கீறுகின்ற வழக்கத்தைக் கண்டும் காணாதவர்போல் இருந்துவிடுகிறோம். 1968 ஆம் ஆண்டிலே மாவிட்டபுரத்தில் கோயில் வாயிலை அடைத்து நின்றதையும் வாயிலுக்கு வெளியே மக்கள் அறப்போர் புரிந்ததையும் முதியோர் மறந்திரார். எக்கோயிலையும் சுட்டி நான் பேச வரவில்லை. மரத்துக்குக் கட்டுப் போட்ட அந்த வேடன் இன்று வந்தால் நாம் அவனை எந்த எல்லையில் நிறுத்துவோம் என்பதை அவரவர் தம் நெஞ்சைக் கேட்டுக்கொள்ளட்டும்.

இரண்டாவது கதை உலகநாச்சியின் கதை. இது வாய்வழக்கில் மாத்திரமன்றி ஏட்டிலும் உண்டு. 1962 இல் எவ். எக்ஸ். சி. நடராசா அவர்கள் பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியம் கூறுவதன் சாரம் இது. கலிங்க தேசத்தரசன் குகசேனனின் மகள் உலகநாச்சி, புத்தர் பெருமானின் தந்தத்தையும், தம் குலத்தார் முன்னாளிற் கைலையிலிருந்து கொண்டுவந்த சிவலிங்கம் ஒன்றையும் எடுத்துக்கொண்டு இலங்கைக்கு வந்தாள். தந்தத்தை அரசன் மேகவர்ணனிடம் அளித்தாள். அவன் மகிழ்ந்து மண்முனைப் பகுதியை அவளுக்குக் கொடுத்தான். அவள் காடழித்துக் குடியேற்றி அரசு புரிந்தாள். கொக்கட்டிச்சோலை ஈசனுக்குக் கோயிலும் எடுத்தாள்.

பாளி மொழியில் உள்ள தாதாவம்சத்தைக் கற்றவர்கள் இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருவார்கள். அந்நூலிலே கலிங்கத்தரசன் குகசிவனின் மகள் ஹேமமாலை, தன் கணவன் தந்தகுமாரனோடு, தந்தத்தைக் கூந்தலில் மறைத்துக்கொண்டு இலங்கைக்கு வருகிறாள். அவள் வந்து சேர்ந்த காலத்தில் அனுராதபுரத்தில் ஆண்டவனும் மேகவர்ணனே. நாலாம் நூற்றாண்டு அரசன். ஒரே கதை இரண்டு மரபிலும் நடமாடுகின்றது. ஆனால் நம் மான்மியத்தில் வருபவளின் கையில் தந்தத்தோடு சிவலிங்கமும் இருக்கிறது. எது மூலம், எது வழி என்று வழக்காடுவது புலவர் வேலை. அயலவரோடு ஒரே கதையைப் பகிர்ந்துகொண்டு, அதில் தமக்கென ஓர் இடத்தையும் நம் முன்னோர் வைத்திருந்தார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. இன்று இரு பக்கத்திலும் சிலர், கதைகளைக் கொண்டு நிலத்துக்கு உறுதி எழுதப் புறப்பட்டிருக்கும் வேளையில், இதை இளைஞர் நினைவில் வைப்பது நன்று. உலகநாச்சியின் கதையைக் காட்டி எவரும் வழக்கு வெல்ல முடியாது. அதைப் பொய்யென்று காட்டி எவரும் கோயிலைப் பறிக்கவும் முடியாது.

ஆனால் இங்கே ஒரு முரண் எழுகின்றதே! தானே தோன்றிய இலிங்கம் கைலையிலிருந்து எப்படி வரும்? கொண்டுவந்த இலிங்கம் எப்படித் தான்தோன்றி ஆகும்? கேட்கவேண்டிய கேள்விதான். சிலர் இரண்டையும் ஒட்டவைத்து, இளவரசி கொணர்ந்த இலிங்கமே பின்பு மரத்தில் மறைந்திருந்து வேடனுக்கு வெளிப்பட்டது என்பர். அப்படி ஒட்டவேண்டிய அவசியமில்லை என்பது என் கருத்து. ஒன்று, காட்டிலே இருந்தவர்களின் கதை. மற்றது, வெளியிலிருந்து வந்து காட்டை வயலாக்கியவர்களின் கதை. இரண்டு மக்களும் ஒரே சந்நிதியில் நின்றார்கள்; இரண்டு கதையும் ஒரே கோயிலில் நின்றன. ஒன்றை வைத்து மற்றதை அழிக்காமல் விட்டார்களே, அந்தப் பெருந்தன்மை நமக்கும் வேண்டும்.

வந்தவர்களின் கதை வெறுங்கதையாய் நின்றுவிடவுமில்லை. அது குடிமுறையாய் ஆலயத்துள் வாழ்கின்றது. மட்டக்களப்பிலே குடி தாய்வழி வருவது. பிள்ளைக்குத் தாயின் குடியே குடி. ஒரே குடிக்குள் மணம் செய்வதில்லை. ஆகையால் திருவிழாவில் தந்தை ஒரு குடிக்கும் மகன் வேறொரு குடிக்கும் உரியவராய் நிற்பதை இங்குதான் காணலாம். யாழ்ப்பாணத்திலிருந்து வரும் நண்பர்கள் இதைக் கண்டு வியப்பார்கள். 1876 இலேயே பிறிற்றோ என்பவர் இவ்வழக்கத்தையும் சொத்துரிமையையும் ஆராய்ந்து முக்குவச் சட்டம் பற்றி நூல் செய்தார். காலிங்கா குடி, உலகிப்போடி குடி, படையாண்ட குடி என்னும் பெயர்களைக் கேளுங்கள்; கலிங்கமும் உலகநாச்சியும் காதில் ஒலிக்கவில்லையா? கோயிற் காரியங்களை நடத்தும் வண்ணக்கர் பதவியும் திருவிழா முறையும் குடிவழியே வருகின்றன. பூசை செய்வோரும் நம் பகுதியின் பழைய வீரசைவக் குருக்கள்மார் மரபினர். அரசியாய் வந்து ஊர் அமைத்த ஒரு பெண்ணின் கதையைத் தலைக்கதையாய் வைத்திருக்கும் ஆலயத்திலே உரிமை தாயின் வழியில் இறங்குவது பொருத்தமே. அன்னையர்களே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள்; ஆலய பரிபாலனக் கூட்டங்களில் உங்கள் குரல் ஏன் கேட்பதில்லை என்று நாளைக்கு யாரையாவது கேட்க இது உதவும்.

மூன்றாவது கதைதான் எல்லோரும் அறிந்தது. வெள்ளைக்காரத் துரை ஒருவன் ஆலயத்துக்கு வந்தான். போர்த்துக்கேயன் என்பார் சிலர். ஒல்லாந்தன் என்பார் பலர். கோயிலை இடிக்கும் எண்ணத்தோடு வந்தவன் கல் நந்தியைக் கண்டு, 'இது புல்லுத் தின்னுமோ?' என்று ஏளனமாகக் கேட்டான். 'தின்னும்' என்று குருக்கள் சொல்லிவிட்டார். சொன்னபின் அவர் பட்ட பாட்டை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். இறைவனை உருகி வேண்டிப் புல்லை எடுத்து வைத்தார். கல் நந்தி எழுந்து புல்லைத் தின்றது, சாணமும் இட்டது. துரை அஞ்சி ஓடினான், ஆலயம் தப்பிற்று.

அந்தச் சாணம் கதையில் இருப்பதை நான் மிகவும் இரசிப்பேன். மதுரையிலே சித்தராய் வந்த சோமசுந்தரர் கல் யானைக்குக் கரும்பு அருத்தியதைத் திருவிளையாடற் புராணம் பாடுகின்றது. அது அரசவைக் கதை. யானை, கரும்பு, முத்துமாலை என்று அதன் போக்கே வேறு. நம்முடையது மாடு வளர்ப்போர் சொன்ன கதை. மாடு தின்றது என்றால் போதாது; சாணமும் போட்டால்தான் அவர்களுக்குத் திருப்தி! படுவான்கரையின் மேய்ச்சல் தரையிலே பிறந்த கதை என்பதற்கு வேறு முத்திரை வேண்டுமோ?

இது நடந்ததா என்று இளைஞர் கேட்கிறார்கள். நம்புவோரின் நம்பிக்கையை அசைப்பதற்கு நான் இங்கு வரவில்லை. நம்பாதவரைக் கண்டிக்கவும் வரவில்லை. நான் காண்பது இது. அக்காலத்து மக்களிடம் பீரங்கியில்லை, முறையிட நீதிமன்றமில்லை. கோணேச்சரம் விழுந்த செய்தி கரையெங்கும் பரவியிருக்கும். அடுத்தது நமதோ என்று அஞ்சியபடி தலைமுறை தலைமுறையாக விளக்கேற்றினார்கள், விளக்கு அணையவுமில்லை. அது எப்படி அணையாமல் நின்றது என்று தம் பேரப்பிள்ளைக்குச் சொல்ல அவர்களுக்குக் கிடைத்த மொழி, கல் நந்தி புல்லுத் தின்றது என்பதே. அந்த அச்சம் எவ்வளவு மெய்யானது என்பதை நம் தலைமுறையும் அறியும். 1987 ஜனவரியிலும் 1991 ஜூனிலும் கொக்கட்டிச்சோலை, மகிழடித்தீவு, முதலைக்குடா மக்கள் எத்தனை பேரை இழந்தார்கள் என்பதை இங்கு விரித்துரைக்க என்னால் இயலாது. அந்த ஆண்டுகளிலும் சனங்கள் சந்நிதிக்கு வந்து நின்றார்கள் என்பதை மட்டும் சொல்வேன்.

தேரைச் சொல்லாமல் இத்தலத்தின் அமைப்பைச் சொன்னதாகாது. மட்டக்களப்பார் 'தேரோடும் கோயில்' என்றால் அது கொக்கட்டிச்சோலையே. தேர் நடமாடும் விமானம். அடிப்பீடம், அதன் மேற் சிற்பத் தட்டுகள், சுவாமி வீற்றிருக்கும் ஆசனம், மேலே சிகரம், கலசம் என்று கோயில் விமானத்தின் உறுப்பெல்லாம் மரத்திலே அமைந்து சக்கரத்தின் மேல் ஏறுகின்றன. கருங்கல் அரிதான நாட்டிலே நம் சிற்பக்கலை மரத்திற் குடிபுகுந்தது என்றே கொள்ளலாம். சிற்பம் பார்க்கவேண்டுமென்று தஞ்சைக்கும் மதுரைக்கும் செலவு செய்து போகும் அன்பர்கள், தேர்க்கொட்டிலிலே ஒரு மணி நேரம் நின்று பார்த்திருக்கிறார்களா? தேரன்று வடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வந்துவிடுகிறோம். தேர்த்தட்டிலே என்ன செதுக்கியிருக்கிறது என்று கேட்டால் விழிக்கிறோம். வடம் பிடிக்கையில் எழுவான்கரையாரும் படுவான்கரையாரும், போடியாரும் கூலியாளும் ஒரே கயிற்றில் நிற்பதையும் அன்றைக்கு மாத்திரம் காண்கிறோம்.

வாவியின் தென்கோடியிலே மண்டூர் முருகன் ஆலயத்துக்குப் போய்வந்தவர்கள் இதற்கு நேர்மாறான அழகைக் கண்டிருப்பார்கள். சின்னக் கதிர்காமம் எனப் பெயர்பெற்ற அத்தலத்தில் திரைச்சீலைக்குப் பின்னால், வாயைத் துணியாற் கட்டிக்கொண்டு கப்புகனார் மௌனமாகப் பூசை செய்வார். காண்பதற்கு உருவில்லை, கேட்பதற்கு மந்திரமுமில்லை. திரைதான் அங்கே கோபுரம். மண்டூரைப் பற்றி வேறொரு நாளிற் பேசவேண்டும், இன்று நேரமில்லை.

இனி மன்றத்து இளைஞர்களிடம் எனக்கு ஒரு வேலை உண்டு. பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை திருப்பணியும் கும்பாபிஷேகமும் செய்வது நம் ஆலயங்களின் முறை. திருப்பணி என்றால் இக்காலத்தில் சீமெந்தும் வர்ணமும் என்றாகிவிட்டது. வெளிநாட்டிலுள்ள நம் மக்கள் அன்போடு பணம் அனுப்புகிறார்கள். வேலை விரைந்து நடக்கிறது. விரைவில், பழைய செங்கல் எந்த அளவு, பழைய தூண் எங்கே நின்றது, தேரின் எந்தச் சிற்பம் எந்த மூலையில் இருந்தது என்பதெல்லாம் ஒரு வாரத்தில் மறைந்துபோம். திருப்பணியை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. நம் முன்னோரும் பழையதை நீக்கிப் புதியது செய்தவர்களே. அவர்களிடம் புகைப்படக் கருவி இருந்ததில்லை. உங்கள் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கின்றது. அதுபோலவே கதைகளையும் எழுதுங்கள். முனைக்காட்டுப் பாட்டி சொல்வது ஒரு விதம், அரசடித்தீவுப் பெரியவர் சொல்வது வேறொரு விதமாக இருக்கும். எது சரியென்று தீர்ப்புச் சொல்லி ஒன்றாக்க வேண்டாம். யார் சொன்னார், எந்த ஊர், எந்த வயது என்று பக்கத்திலே குறித்து இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். பண்டிதர் வி. சீ. கந்தையா அவர்கள் 1964 இல் மட்டக்களப்புத் தமிழகம் என்னும் நூலை வெளியிட்டிராவிட்டால் நம் நாட்டுச் செய்திகள் எத்தனையோ இன்று நமக்குக் கிடைத்திரா.

அடுத்த கொடியேற்றத்துக்கு முன்பே இதைத் தொடங்கலாம். அளவு நாடா ஒன்றும் கொப்பி ஒன்றும் போதும். குருக்கள் ஐயாவிடமும் வண்ணக்கர்மாரிடமும் முதலிற் சென்று உத்தரவு பெற்றுக்கொள்ளுங்கள். நந்தியின் நீளத்தை அளப்பதிலிருந்து தொடங்குங்கள். மழைக்காலத்துக்கு முன் தேர்க்கொட்டிலை முடித்துவிடலாம்.